மூலத்தில் உள்ளபடி

ஞாயிற்றுக்கிழமை இசக்கியம்மாளுக்கு அவள் கணவன் கொம்பையாவின் கடிதம் வந்தது. அவன் குரலிலேயே ஆறு நிமிடம் பேசியது. பூமியிலிருந்து செரஸ் வரை பயணம் செய்தவை சில குறிகள் மட்டும்.

"ஏட்டி, நல்லாருக்கியா? நான் நல்லாருக்கேன். சாப்டியா? இங்க வெயிலு மண்டையப் பொளக்கு. மூணாம் நம்பர் லிஃப்டு மறுபடியும் படுத்துட்டு. ஒன் தங்கச்சி வந்துட்டுப் போனா. மாத்திரைய மறக்காமப் போடு..."

அவள் பல் துலக்கிக்கொண்டே கேட்டாள். அங்கே எல்லோரும் கடிதங்களை அப்படித்தான் கேட்டார்கள்.

செரஸ் ஒரு குறுங்கோள். அதன் பனியை வெட்டித் தண்ணீராக்கி, போகிற வருகிற கப்பல்களுக்கு விற்றார்கள். அங்கிருந்து பூமிக்கு அலைவரிசை குறுகல். பெரும்பகுதியை விளம்பரங்கள் எடுத்துக்கொண்டன. மீதியில் நாலாயிரம் குடும்பங்கள் பேச வேண்டும்; குடும்பத்துக்கு ஒரு சிறு அலைப்பங்கு. அதற்காகத்தான் சுருக்கி வந்தது.

ஒரு குடும்பம் அதுவரை பேசியதெல்லாம் சொல்வங்கியாக இரண்டு முனையிலும் சேமிக்கப்பட்டிருக்கும். ஒருவர் பேசும்போது சுருக்கி ஒவ்வொரு வாக்கியத்தையும் வங்கியில் தேடும். இருந்தால் வாக்கியத்தை அனுப்பாது. அது இருக்கும் இடத்தைக் காட்டும் குறியை அனுப்பும். மறுமுனைக் கருவி வங்கியிலிருந்து எடுத்து, பேசியவர் குரலில் கோத்துக் கொடுக்கும்.

குறிகள் பழையவை. வழக்குத் தீர்ப்புகளையும் ஆய்வேடுகளையும் கொடுத்துத்தான் சுருக்கியைப் பழக்கினார்கள். அவற்றின் அடிக்குறிப்புகளில் கிடந்த லத்தீன் சுருக்கங்களை அது எடுத்துக்கொண்டது. இபிட். என்றால் சற்று முன் சொன்ன அதே இடம். ஆப். சிட். என்றால் முன்பு எப்போதோ சொன்னது. எட் ஆல். என்றால் மற்றும் பிறர். எல்லோரும் சொல்வது, பொது வங்கியில் இருக்கிறது. சிக். என்றால் மூலத்தில் உள்ளபடி. பிழைபோலத் தெரிகிறது, ஆனாலும் சொன்னவர் அப்படித்தான் சொன்னார், யாரும் திருத்தக் கூடாது. லத்தீன் பேசியவர்கள் மறைந்து வெகுகாலம் ஆகிறது. சுருக்கங்கள் செவ்வாயைத் தாண்டிவிட்டன.

கடிதம் முடிந்ததும் கருவி ஒரு சீட்டைத் துப்பும். வந்த குறிகள் அதில் இருக்கும். யாரும் படிப்பதில்லை. குப்பைத்தொட்டி அதற்கு அருகிலேயே இருந்தது.

அன்று சீட்டின் கீழே ஒரு அறிவிப்பும் வந்தது.

"தங்கள் கணவர் அனுப்பிய கடந்த இரு கடிதங்களில் புதிய வாக்கியம் எதுவும் இல்லை. மூன்றாவதிலும் இல்லையெனில் தாங்கள் முழு மேற்படிக் குடும்பமாக வகைப்படுத்தப்பட்டு, அலைப்பங்கு நிறுத்தப்படும். அதன்பின் கடிதங்கள் இரு முனையிலும் வங்கியிலிருந்தே தயாரிக்கப்படும். சேவையில் மாற்றம் எதுவும் உணரப்படாது."

அவள் இரண்டு முறை படித்தாள். பிறகு அறைத்தோழி ஷமீமாவிடம் கொடுத்தாள். ஷமீமா ராயபுரத்துக்காரி. பனி வெட்டும் பிரிவு.

"ஓ, உனக்கும் வந்துடுச்சா?" என்றாள் ஷமீமா. "எங்கம்மா போன மாசமே மெஷின் ஆயிட்டா. முன்னவிட நல்லாத்தான் பேசுறா. கல்யாணத்தப் பத்திப் பேச்சே எடுக்கறதில்ல."

"நெசமாவே தெரியலையா?"

ஷமீமா சீட்டைத் திருப்பிக் கொடுத்தாள்.

"தெரியலங்கறதுதான்டி தெரியுது," என்றாள்.

*

அலைப்பங்கு அலுவலகத்தில் ஒரே ஒரு மனிதர் இருந்தார். தணிகாசலம். செரஸுக்கு வந்து நெடுநாள் ஆகிவிட்ட முகம். எதிரே வந்து உட்காருகிறவர்களை அவர் நிமிர்ந்து பார்ப்பதில்லை. குரலைக் கேட்டு எண்ணைத் தட்டுவார்.

"உங்களுக்கு என்னம்மா நஷ்டம்? ஞாயித்துக்கிழமை கடிதம் வரும். அதே குரல். அதே பேச்சு."

"பேசுனது அவுகளா இருக்காதுல்லா?"

"அவர் பேசினாலும் இதேதானம்மா பேசுவார். உங்க ஃபைலப் பாத்தேன். ஒம்பது வருஷமா லிஃப்ட்டு, வெயில், மாத்திரை."

"ஆமா. அவுக லிஃப்டு மெக்கானிக்கு. பாளையங்கோட்டைல வெயிலு. எனக்கு பிரஷரு. வேற என்னத்தப் பேசுவாக?"

"அதத்தான் நானும் சொல்றேன்."

மேசை விளிம்பை விரலால் தேய்த்தாள்.

"சார், அவுகளுக்கு ஒண்ணு ஆயிட்டுன்னு வைங்க. அப்பவும் மெசினு சாப்டியான்னு கேக்குமா?"

தணிகாசலம் முதல்முறையாக நிமிர்ந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இறப்புத் தகவல் தனியா வரும்மா. அதுக்கு ஒரு பிரிவு இருக்கு."

"என்னன்னு வரும்?"

அவர் திரையில் தேடினார். உதடு அசையாமல் படித்தார்.

"எட் ஆல்.," என்றார்.

பிறகு, கொஞ்சம் தாழ்ந்த குரலில், "ஏதாவது புதுசாப் பேசச் சொல்லுங்க. ஒரே ஒரு வாக்கியம் போதும். அவர் எதுவும் சொல்லாட்டி நீங்க சொல்லுங்க. அத வச்சும் பங்கக் காப்பாத்திக்கலாம்."

*

பேச்சுக்கூண்டில் ஒருவர் உட்காரலாம். ஷமீமா கதவில் சாய்ந்து நின்றாள். பேசப் பேச எதிரே திரையில் குறி விழும்.

"இங்க எங்க பாத்தாலும் ஐஸுதான்," என்றாள் இசக்கி.

ஆப். சிட்.

"ஒங்கள நெனச்சுக்கிட்டே இருக்கேன்." சொல்லும்போது அவளுக்கே கூச்சமாக இருந்தது.

எட் ஆல்.

"ஒங்க அக்கா அன்னைக்குக் கல்யாண வீட்டுல எங்கம்மாவப் பாத்துக் கேட்ட கேள்விய நான் இன்னும் மறக்கல."

ஆப். சிட்., ஆப். சிட்., ஆப். சிட். திரை நிறைய விழுந்தது.

"அடிப்பாவி, இத்தன வாட்டியா சொன்ன?" என்றாள் ஷமீமா. "வேற ஆள் இருக்கான்னு சொல்லு. அது புதுசா இருக்கும்."

"சீ, போடி."

"சும்மா சொல்லிப் பாரு. அனுப்பாத."

இசக்கி கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் சொன்னாள்.

எட் ஆல்.

ஷமீமா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இசக்கிக்கும் சிரிப்பு வந்தது. அது அதிக நேரம் நிற்கவில்லை.

வாயில் வந்ததை உளறிப் பார்த்தாள். "லிஃப்டு மாத்திரை போட்டுச்சா? வெயிலுக்கு பிரஷரு எப்படி இருக்கு?"

சிக். அதன் கீழே சிறிய எழுத்தில்: பிழை, புதிய வாக்கியமாகக் கருதப்படாது.

கடைசியில் உள்ளதைச் சொன்னாள். "புதுசாப் பேசலன்னா நம்ம பேச்ச நிறுத்திருவாகளாம். ஏதாவது பேசுங்க."

எட் ஆல். அந்த மாதம் எல்லாக் குடும்பங்களும் அதைத்தான் சொல்லியிருந்தன. அவள் அதையே அனுப்பினாள்.

மறு ஞாயிறு அவள் பல் துலக்கவில்லை. கருவியின் முன் உட்கார்ந்திருந்தாள்.

கொம்பையா தொண்டையைச் செருமினான். எதையோ பார்த்துப் படித்தான். "தென் மாவட்டங்களில் இன்று மாலை இடியுடன் கூடிய மழைக்கு வாய்ப்பு." நிறுத்தினான். பள்ளியில் ஒப்பிக்கிறவனைப் போல இன்னொரு வரி படித்தான். பிறகு காகிதம் கசங்கும் சத்தம். "என்னத்தட்டி புதுசாப் பேச? நடக்கதத்தான சொல்ல முடியும்? சரி, சாப்டியா?"

சீட்டைக் கையில் வாங்கினாள். மழைக்கு எட் ஆல். காகிதம் கசங்கியதற்குக் குறி இல்லை. என்னத்தட்டி புதுசாப் பேச என்பதை அவள் நம்பியிருந்தாள். அதற்கும் எட் ஆல். எல்லா வீட்டு ஆண்களும் அந்த வாரம் அதையே கேட்டிருந்தார்கள்.

சாப்டியாவுக்கு இபிட்.

*

அடுத்த ஞாயிறும் கடிதம் வந்தது. வெயில் மண்டையைப் பிளந்தது. மூன்றாம் நம்பர் லிஃப்ட் படுத்துவிட்டது. ஏட்டி என்பதற்கு முன் அவன் இழுக்கும் சின்ன மூச்சுகூட இருந்தது. அவள் கூர்ந்து கேட்டாள். எங்காவது ஒரு தையல் தெரியும் என்று காத்திருந்தாள். தெரியவில்லை. நடுவில் அவன் இருமினான். அந்த இருமல் இப்போதையதா, எந்த வருடத்து இருமல் என்று யாரிடம் கேட்பது?

சீட்டு வந்தது. ஒரு குறிகூட இல்லை, வெள்ளையாக இருந்தது.

அவள் மனுப் போட்டாள். அப்படிப் போடுகிறவர்கள் குறைவு. மாற்றம் எதுவும் உணரப்படவில்லை அல்லவா. அந்த விதி வந்த பிறகு அவளுடையது மூன்றாவது மனு.

ஆணை ஒன்பது பத்தி. ஏழாவது பத்தி இப்படி இருந்தது: "மேற்படி மனுதாரரின் மேற்படி மனு மேற்படி விதியின்கீழ் பரிசீலிக்கப்பட்டு, மேற்படி காரணங்களால் நிராகரிக்கப்படுகிறது." முந்தைய மனுவில் இருந்த பெயரை எடுத்துவிட்டு தணிகாசலம் இவள் பெயரைப் போட்டிருந்தார். பெயர் வாக்கியம் ஆகாது.

ஆணைகள் பூமித் தலைமையகத்துக்குப் போய்ப் பதிவாக வேண்டும். தணிகாசலம் அனுப்பினார். சுருக்கி அதை வாங்கி, எல்லாவற்றையும் போல வங்கியில் தேடியது. ஒன்பது பத்திக்கும் இபிட். முந்தையதற்கும் இபிட். அதற்கு முந்தையதற்கு ஆப். சிட். தொடர்ந்து மூன்று ஆணையிலும் புதிய வாக்கியம் இல்லை.

சுருக்கிக்கு அலுவலகமும் ஒரு குடும்பம்தான். விதியில் அலுவலகத்துக்கு விலக்கு இல்லை. விதியை எழுதியவர்கள் அதை ஒரு பழைய விதியிலிருந்து படியெடுத்திருந்தார்கள். பழைய விதியில் அலுவலகம் என்ற சொல்லே வரவில்லை.

மறுநாள் காலை தணிகாசலத்தின் மேசைக் கருவி ஒரு சீட்டைத் துப்பியது. வாசகம் அவருடையது. அவரே எப்போதோ எழுதியது. முழு மேற்படி அலுவலகம். பங்கு நாளை முதல் நிறுத்தப்படும். சேவையில் மாற்றம் எதுவும் உணரப்படாது.

அவர் மனுப் போட்டார். மனுவை விசாரிக்க வேண்டிய அதிகாரி அவர்தான் என்பதால் சம்பந்தப்பட்டவரே விசாரிக்கக் கூடாது என்று சொல்லி, கருவியே விசாரித்தது. ஒன்பது பத்தி ஆணை வந்தது.

*

இசக்கி வேலை செய்யும் வால்வு அறைக்கு அதிகாரிகள் வருவதில்லை. அங்கே தரை எப்போதும் ஈரம். தணிகாசலம் வாசலிலேயே நின்றார். கையில் தன் சீட்டு. இசக்கி ஒரு வால்வின் கழுத்தைத் திருகிக்கொண்டிருந்தாள். ஷமீமா டீ குடிக்க வந்திருந்தாள்.

"நீங்க கூண்டுல நெறைய முயற்சி பண்ணீங்களாமே," என்றார். "என்னென்ன சொல்லிப் பாத்தீங்க?"

"ஏன் சார்?"

அவர் சீட்டை நீட்டினார். இசக்கி கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். படித்தாள். ஷமீமாவிடம் கொடுத்தாள்.

"அல்லாவே," என்றாள் ஷமீமா. "சார், கவலப்படாதீங்க. வித்தியாசமே தெரியாது."

தணிகாசலம் சிரிக்கவில்லை. "எம் பொண்ணு கடிதம் ஆபீஸ் பங்குலதாம்மா வருது. எங்க வீட்டுக் கடிதத்த யாரும் எண்ணினதில்ல. இப்ப அதுவும் போயிடும். அவ மாசமா வேற இருக்கா."

இசக்கி திருகுசாவியைக் கீழே வைத்தாள்.

"எத்தனாவது மாசம் சார்?"

"ஏழு. இன்னைக்குள்ள ஒரு வாக்கியம் வேணும். இந்த ஆபீஸ் இதுவரைக்கும் சொல்லாத ஒரு வாக்கியம். காலைலேர்ந்து எழுதிப் பாத்துட்டேன். வருந்துகிறோம்னு எழுதினேன், இபிட். பரிசீலனையில் உள்ளதுன்னு எழுதினேன், அதுக்கும் இபிட்."

"சரின்னு எழுதிப் பாருங்க சார்," என்றாள் ஷமீமா. டீயை உறிஞ்சினாள். "அத இந்த ஆபீஸ்ல எவனும் எழுதிருக்க மாட்டான்."

அது கிண்டல். தணிகாசலம் அதைக் கிண்டலாக எடுத்துக்கொள்ளவில்லை. யோசித்தார். வாயில் ஒரு முறை அந்தச் சொல்லை வைத்துப் பார்த்தார்.

"அதுக்கு மாடல் டிராஃப்ட் இல்லையேம்மா," என்றார்.

அலுவலகம் திரும்பி வங்கியைத் திறந்தார். செரஸில் அலுவலகம் தொடங்கிய நாள்வரை பின்னோக்கிப் போனார். விடுப்பு, கூடுதல் தண்ணீர், அறை மாற்றம், ஊர் திரும்புதல். நிராகரிக்கப்படுகிறது. நிலுவையில் உள்ளது. மேற்படி. ஏற்கப்படுகிறது என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. அவருக்கு முன் இருந்தவர்களும் எழுதவில்லை. கெட்டவர்கள் அல்ல. மாதிரி வரைவு இல்லாததை எழுதினால் நாளை யாராவது கேள்வி கேட்பார்கள்.

இசக்கியம்மாளின் மனுவை மறுபரிசீலனைக்கு எடுத்தார். ஒன்பது பத்தியையும் அழித்தார். வெள்ளைத் திரையை வெகுநேரம் பார்த்தார். பிறகு தட்டினார்.

"மனு ஏற்கப்படுகிறது."

முன்னால் மேற்படி சேர்க்கலாமா என்று கை தயங்கியது. சேர்க்கவில்லை. அனுப்பினார்.

சுருக்கி வழக்கமாகக் கண் இமைப்பதற்குள் குறி போடும். இம்முறை போடவில்லை. விளக்கு சுழன்றது. அலுவலக வங்கியில் தேடியது. மற்ற அலுவலகங்களின் வங்கிகளைத் தேடியது. பூமியின் பழைய அலுவலகங்கள் விட்டுப்போன ஆணைகளைத் தேடியது. தணிகாசலம் எழுந்து நின்றுகொண்டார்.

குறி விழுந்தது.

சிக்.

அவர் உட்கார்ந்தார். கீழே இருந்த சிறிய எழுத்தைப் படிக்கத் தேவையில்லை. படித்தார். பிழை, புதிய வாக்கியமாகக் கருதப்படாது.

அலுவலகத்தின் பங்கு மறுநாள் நின்றது.

ஆனால் ஆணை அதற்குள் பூமிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. தலைமையகத்தில் பதிவு செய்யும் கருவி அதை முன்னும் பின்னும் பார்த்தது. அலுவலகம் ஒன்று ஒரு மனுவை ஏற்பதாகச் சொல்லும் ஆணை. கை தவறி எழுதியது என்பதில் அதற்கு ஐயம் இல்லை. திருத்தப் போனது. குறி தடுத்தது. மூலத்தில் உள்ளபடி. யாரும் திருத்தக் கூடாது. அப்படியே பதிவு செய்தது. இசக்கியம்மாளின் அலைப்பங்கு திரும்ப வந்தது.

ஷமீமா அன்றே மனுப் போட்டாள். ஒன்பது பத்தி ஆணை வந்தது. தணிகாசலத்தின் நடைதான், எழுதியது கருவி. அலுவலகத்தில் ஏதோ மாறிவிட்டது என்று செரஸில் ஒருவரும் சொல்லவில்லை.

*

ஞாயிற்றுக்கிழமை கொம்பையாவின் கடிதம் வந்தது.

"ஏட்டி, நல்லாருக்கியா? நான் நல்லாருக்கேன். சாப்டியா?"

அவள் குரலைக் கேட்கவில்லை. கருவியின் வாயில் கையை வைத்துக்கொண்டு சீட்டுக்குக் காத்திருந்தாள். வந்தது. இபிட்., இபிட்., ஆப். சிட்., எட் ஆல்., இபிட். ஒவ்வொன்றாகப் படித்தாள். பாளையங்கோட்டையில் ஒரு மனுசன் இன்றைக்குக் கூண்டில் உட்கார்ந்து வாயைத் திறந்திருக்கிறான். சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சாப்பாட்டு அறைக்குப் போனாள்.

தணிகாசலம் ஒரு மூலையில் தனியாக இருந்தார். முன்னால் சிறிய கருவி. தட்டு தொடப்படாமல் இருந்தது. அவளைப் பார்த்ததும் கையைக் காட்டி அழைத்தார்.

"கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்கம்மா. இது எம் பொண்ணுதானே?"

கருவியைத் தட்டினார். ஒரு பெண் குரல். "அப்பா, நல்லா இருக்கியா? நான் நல்லா இருக்கேன். உடம்பப் பாத்துக்கோ. சாப்ட்டியாப்பா?"

நல்ல குரல். கொஞ்சம் சளி பிடித்ததுபோல் இருந்தது.

"மூக்கடச்ச மாதிரி இல்ல?" என்றார். "மெஷினா இருந்தா மூக்கு அடைக்குமா?"

கருவியின் பக்கத்தில் சீட்டு கிடந்தது. அவர் அதைத் தலைகீழாகத் திருப்பி வைத்திருந்தார். அவள் அதைத் தொடவில்லை. திருப்பினாலும் இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். சோறு ஆறிப்போயிருந்தது. தட்டை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"சாப்டீங்களா சார்?"

அவர் அவளைப் பார்த்தார். இங்கே இத்தனை வருடத்தில் எதிரே உட்கார்ந்து யாரும் அவரை அப்படிக் கேட்டதில்லை.

"இன்னும் இல்லம்மா," என்றார். "நீங்க?"

சாப்பாட்டு அறைச் சுவரில் ஒரு பதிவுக் கருவி இருந்தது. இரண்டு வாக்கியத்தையும் கேட்டது. தேட வேண்டிய அவசியம்கூட இல்லாமல் குறித்துக்கொண்டது.

எட் ஆல்.